துளி போதும், மூட்டம் வேண்டாம்

அலுமினியத் தகட்டில் 6 மி.மீ. எண்ட் மில்லை ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கதை. முதல் சில அங்குலங்களுக்கு வெட்டு பளபளவென்று வரும். பிறகு சத்தம் மாறும். டூலின் பள்ளங்களில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத சீவல்களை டூலே திரும்பத் திரும்ப அரைக்கும். வெட்ட வேண்டிய விளிம்பு உலோகத்தைத் தேய்க்க ஆரம்பிக்கும். அதைக் கவனித்து மெஷினை நிறுத்துவதற்குள் டூல் முறிந்திருக்கும். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும்; டூலில் ஒட்டிக்கொள்ள அவ்வளவு சூடுகூடத் தேவையில்லை.

பெரிய ஆலைகளில் இதற்கு விடை எளிது. பால்போல வெளுத்த கூலன்ட் குழாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் கோவை கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வீட்டை ஒட்டிய சிறு கூடத்தில் ஒரு லேத்தையும் ஒரு மில்லிங் மெஷினையும் போட்டு ஜாப் ஒர்க் செய்பவருக்கோ, மாடி அறையில் சிறிய சிஎன்சி ரவுட்டர் வைத்திருக்கும் ஆர்வலருக்கோ அது ஒத்துவராது. தெறிப்பைத் தடுக்க மெஷினைச் சுற்றிக் கூண்டு வேண்டும், தொட்டி வேண்டும், பம்ப் வேண்டும், சீவலை வடிகட்ட வலை வேண்டும். மெஷின் இரண்டு நாள் சும்மா கிடந்தால் தொட்டியில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பெருகி, அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்கப் பரவும். அதனால்தான் வீட்டுப் பட்டறைக்காரர்கள் தூவல் முறைக்கு வருகிறார்கள்: கம்ப்ரஸர் காற்றோடு சிறிதளவு திரவத்தைக் கலந்து, நாசில் வழியாக வெட்டு விளிம்பின் மேல் தெளிப்பது. செலவு குறைவு, இடம் குறைவு, தரையும் நனையாது.

இந்த முறையில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடம் மாறுகிறார்கள். நாசிலிலிருந்து வெண்மூட்டம் கிளம்பினால்தான் அது வேலை செய்கிறது என்று நம்புகிறார்கள். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் மூட்டம் டூலைச் சென்று சேராத திரவம். டூலுக்குப் பயன்படாததோடு, அது பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலுக்கும் போகிறது.

உலோகத்தை வெட்டினால் சூடு ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1798இல் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்ப்சன், ம்யூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழாயைத் துளையிடும் வேலையைக் கவனித்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அளித்தார். மழுங்கிய துளைப்பானை உலோகத்தின் மேல் அழுத்தி, குதிரைகளைக் கொண்டு சுழற்றி, சுற்றிலும் ஒரு பெட்டியில் தண்ணீரை நிரப்பிவைத்தார். நெருப்பே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. குதிரைகள் செலவழித்த உழைப்புதான் சூடாக மாறியிருந்தது. இன்றைய மில்லிங் மெஷினிலும் நடப்பது அதுவே. மோட்டார் வெட்டுக்குக் கொடுக்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிறது. உலோகம் வளைந்து சீவலாகப் பிரியும் இடத்தில் ஒரு பங்கு, சீவல் டூலின் முகத்தில் உரசிக்கொண்டு போகும்போது இன்னொரு பங்கு, டூலின் அடிப்பக்கம் வெட்டிய பரப்பில் தேய்வதால் மற்றொரு பங்கு. நல்ல வேளையாக இதில் பெரும்பகுதியைச் சீவலே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சியதை டூலும், ஜாப் எனப்படும் வெட்டுப்படும் உலோகத் துண்டும் தாங்க வேண்டும்.

தண்ணீரை வெட்டு விளிம்பில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை முறையாக அளந்தவர் ஃபிரெடரிக் டெய்லர். பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் 1883இல், சீவல் பிரியும் இடத்தில் கனமான நீர்த்தாரையை விழச் செய்தால் வெட்டு வேகத்தை 30 முதல் 40 சதவீதம் கூட்டலாம் என்று கண்டார். அடுத்த ஆண்டே கட்டப்பட்ட புதிய பட்டறையில் ஒவ்வொரு மெஷினும் ஓர் இரும்புத் தட்டுக்குள் நின்றது. துரு பிடிக்காமலிருக்க நீரில் சோடா கலக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுச் சோதனைகளின் முடிவுகளை அவர் 1906 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் படித்தபோது, ஊற்றுக் குளிரூட்டல் அறிவியலாகிவிட்டது.

ஊற்றாமல் தெளித்தால் போதுமா? சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 290 ஜூல் போதும். அதே கிராமை ஆவியாக்க இன்னும் 2,257 ஜூல் தேவை. ஊற்றும்போது பெரும்பாலான தண்ணீர் சூடாகி ஓடிவிடுகிறது, ஆவியாவதில்லை. தூவும்போது ஆவியாதலின் முழுப் பலனும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. மணிக்கு 100 மில்லி லிட்டர் தண்ணீர் முழுவதும் டூலின் மேலேயே ஆவியானால் அது 70 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து எடுத்துச் செல்லும். ஒரு சிறிய மில்லிங் மெஷின் வெட்டுக்கு 500 வாட் செலவிடுகிறது, அதில் ஐந்தில் நான்கு பங்கு சீவலோடு போகிறது என்று வைத்துக்கொண்டால், டூலுக்கும் ஜாப்புக்கும் மிஞ்சுவது 100 வாட். ஒரு டம்ளருக்கும் குறைவான தண்ணீர் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியது இவ்வளவு என்றால், அது சிறிய விஷயமல்ல.

ஆனால் அந்தத் தண்ணீர் சூடான பரப்பைத் தொட வேண்டும். நன்கு காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உடனே ஆவியாகாமல் முத்துமுத்தாக ஓடித் திரிவதைப் பார்த்திருப்போம். துளிக்கும் கல்லுக்கும் நடுவே உருவாகும் நீராவிப் படலம் துளியைத் தாங்கிக்கொள்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் இதை 1756இலேயே விவரித்தார். சூடான டூலிலும் இது நடக்கும். வேகமில்லாமல் மிதந்து வரும் துளி படலத்தின் மேல் நழுவிப் போகும். வேகமாக மோதும் துளி படலத்தைக் கிழித்துக்கொண்டு பரப்பை நனைக்கும். ஆகவே துளிக்கு ஓரளவு எடையும் வேகமும் வேண்டும்.

துளியின் அளவை முடிவு செய்வது காற்றின் வேகம். திரவத்தின் பரப்பு இழுவிசை துளியை உருண்டையாக வைத்திருக்கப் பார்க்கிறது. வேகமாக வீசும் காற்று அதைக் கிழிக்கப் பார்க்கிறது. இந்த இரண்டின் விகிதத்தை வேபர் எண் என்பார்கள். அது 12ஐத் தாண்டினால் துளி உடைந்துவிடும். அதன்படி காற்றின் வேகம் நொடிக்கு 100 மீட்டர் என்றால், சுத்தமான தண்ணீரில் 70 மைக்ரான் அளவுத் துளி தாக்குப்பிடிக்கும். வேகம் நொடிக்கு 300 மீட்டர் ஆனால் 8 மைக்ரானுக்கு மேற்பட்டவை எல்லாம் சிதறும். வேகம் மூன்று மடங்கு கூடினால் துளி ஒன்பதில் ஒரு பங்காகச் சிறுக்கிறது. சோப்புத்தன்மையுள்ள கூலன்ட்டில் பரப்பு இழுவிசை பாதியளவுதான், எனவே துளியும் அதற்கேற்பப் பாதியாகும்.

70 மைக்ரான் துளி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து பத்தே நொடியில் தரையைத் தொடும். 10 மைக்ரான் துளிக்கு எட்டு நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் துளி அரை நாள் காற்றிலேயே தொங்கும். போதாததற்கு, தண்ணீரில் 5 சதவீதம் எண்ணெய் கலந்த 10 மைக்ரான் துளியிலிருந்து நீர் ஆவியானால் எஞ்சுவது 4 மைக்ரானுக்கும் குறைவான எண்ணெய்த் துணுக்கு. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவு அது. டூலைக் குளிர்விக்க அது உதவுகிறதா என்றால் அதுவும் இல்லை. இரண்டு மைக்ரான் துளிக்குத் தனியாகச் செல்லும் உந்தம் கிடையாது. காற்று டூலைச் சுற்றி வளைந்து போகும் வழியிலேயே அதுவும் போய்விடும். 50 மைக்ரான் துளிதான் வளையாமல் நேராகச் சென்று மோதும்.

இவை அனைத்தும் ஒரே அறிவுரையில் வந்து முடிகின்றன: காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் அதே லைனை நேராக நாசிலில் மாட்டுவது தவறு. நடுவில் ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை ஒரு பார் அளவுக்கு, அதாவது 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஏறத்தாழ 0.9 பாரிலேயே நாசில் வாயில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் அழுத்தத்தைக் கூட்டினால் காற்று வீணாகும், காதைத் துளைக்கும் சத்தம் வரும், துளி பொடிப்பொடியாகும். காற்றுத்தாரையின் ஒலி அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1952இல் ஜேம்ஸ் லைட்ஹில் காட்டினார். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியாற்றல் 256இல் ஒரு பங்காகிவிடும். வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் வேலை செய்பவருக்கு இந்த எட்டாம் அடுக்கின் அருமை புரியும்.

கம்ப்ரஸரின் கொள்ளளவும் இதே பக்கம்தான் சாய்கிறது. நாசிலின் காற்றுத் துளை ஒரு மி.மீ., அழுத்தம் ஒரு பார் என்றால் நிமிடத்துக்கு 15 முதல் 18 லிட்டர் காற்று போகும். துளை இரண்டு மி.மீ., அழுத்தம் நான்கு பார் என்றால் அது 150 லிட்டரைத் தாண்டும். வீடுகளில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் பிஸ்டன் கம்ப்ரஸர் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர்தான் தரும். அதுவும் இடைவிடாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பாதி நேரம் ஓய்வு கிடைத்தால்தான் நீண்ட நாள் உழைக்கும். மேலும், கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிட வேண்டும். லைனில் ஈரப் பிரிப்பான் இல்லையென்றால் துரு கலந்த நீர் நாசிலை அடைத்துவிடும்.

இங்கே பரவலான நம்பிக்கை ஒன்றையும் சரிபார்த்துவிடலாம். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் காற்றே டூலை உறையவைக்கும் அளவு குளிர்ச்சி தருகிறது என்பார்கள். அறை வெப்பநிலையில் காற்றை இப்படி நாசில் வழியே விடுவதால் ஒரு பாருக்குக் கால் டிகிரிகூட நிலையாகக் குறைவதில்லை. உண்மையில் குளிர்ந்த காற்று வேண்டுமென்றால், பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் ரான்க் 1930களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற சுழல் குழாய் இருக்கிறது. உள்ளே காற்று சுழன்று ஒரு முனையில் சூடாகவும் மறுமுனையில் குளிராகவும் பிரிந்து வெளியேறும். அது குடிக்கும் காற்றுக்கு வீட்டுக் கம்ப்ரஸர் ஈடுகொடுக்காது. தூவல் முறையில் காற்றின் முக்கிய வேலை வேறு: வெட்டிய சீவலை டூலின் பாதையிலிருந்து ஊதித் தள்ளுவது. சிறு ரவுட்டர்களில் டூல் முறிவதற்குச் சூட்டைவிடச் சீவல் அடைப்பே பெரும்பாலும் காரணம் என்பதால், திரவமே இல்லாமல் வெறும் காற்றை ஊதியே பாதி நோயைத் தீர்த்துவிடலாம்.

திரவத்தை நாசிலுக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. எளிதானது உறிஞ்சு முறை. வேகமாகப் போகும் காற்று நடுக்குழாயின் வாயில் அழுத்தத்தைக் குறைக்க, புட்டியிலிருந்து திரவம் தானாக மேலே வரும். இதில் புட்டி எப்போதும் நாசிலைவிடத் தாழ்வாக, ஒரு சாண் அளவு கீழே இருக்க வேண்டும். மேலே வைத்தால் காற்றை நிறுத்திய பிறகும் திரவம் சொட்டிக்கொண்டே இருந்து காலையில் மெஷின் படுக்கையில் குளம் கட்டியிருக்கும். குழாயில் ஒரு செக் வால்வு இருந்தால் திரவம் புட்டிக்குத் திரும்பாமல், அடுத்த முறை உடனே தூவல் கிடைக்கும். உறிஞ்சு முறையின் குறை, காற்றழுத்தத்தைக் குறைத்தால் உறிஞ்சும் வலுவும் குறைந்துவிடுவது. குறைந்த அழுத்தமே நமக்கு வேண்டும் என்பதால் இது இடிக்கிறது.

இரண்டாவது, திரவத் தொட்டிக்கும் காற்றழுத்தம் கொடுத்துத் தள்ளுவது. காற்றையும் திரவத்தையும் தனித்தனியே திருகிச் சரிசெய்யலாம் என்பதால் தூவல் சீராக வரும். ஆனால் இதற்கு அழுத்தத்துக்கென்றே செய்த கலம் வேண்டும். குளிர்பானப் புட்டியையோ தண்ணீர் கேனையோ கம்ப்ரஸரில் மாட்டுவது ஆபத்து. ரெகுலேட்டர் ஒரு நாள் பழுதானால் போதும், அது வெடிக்கும். மூன்றாவது வழி, குழாயை உருளைகளால் பிசைந்து பிசைந்து திரவத்தைத் தள்ளும் சிறு டோஸிங் பம்ப். மீன்தொட்டிக்காரர்கள் உரம் விடப் பயன்படுத்தும் அதே சாதனம். விலை அதிகமில்லை, மின்சாரம் மிகக் குறைவு, காற்றழுத்தம் எதுவானாலும் மணிக்கு இத்தனை மில்லி என்று நிர்ணயிக்க முடியும். வீட்டுப் பட்டறைக்கு இதுவே மிகப் பொருத்தம். இதையும் காற்றுக்கான சோலினாய்டு வால்வையும் ஒரே சுவிட்சில் இணைத்தால், டூல் வெட்டாத நேரத்தில் இரண்டும் ஒன்றாக நின்றுவிடும்.

நாசிலின் உட்புறம் ஊசி போன்ற மெல்லிய குழாயில் திரவமும், அதைச் சுற்றிய வளையத்தில் காற்றும் வருவதுதான் நல்ல அமைப்பு. வாயிலிருந்து டூல் வரை இரண்டு முதல் ஐந்து செ.மீ. இடைவெளி போதும். முதலில் திரவத்தை மூடிவிட்டு, சீவல் விலகிப் போகும் அளவுக்கு மட்டும் காற்றைத் திறக்க வேண்டும். பிறகு திரவத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து, நாசிலுக்கு முன் ஒரு அட்டையைப் பிடித்துப் பார்க்கலாம். அட்டை சீராக ஈரமாக வேண்டும், வழியக் கூடாது. லேத்தில் மேலிருந்து தூவினால் சீவலே குடைபிடித்து மறைத்துவிடும். டூலின் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதன் அடிமுகத்துக்கும் ஜாப்புக்கும் இடையே உள்ள சந்தை நோக்கித் தூவினால் விளிம்பு வரை சென்று சேரும்.

எந்தத் திரவம் என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை வழக்கம் மாறுகிறது. தண்ணீரில் கரையும் கட்டிங் ஆயில் ஒரு வகை. கலக்கும்போது தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. மாற்றிச் செய்தால் சரியாகக் கலக்காமல் திரிந்துபோகும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலையில்லை. போர்வெல் உப்புத் தண்ணீரில் கலந்தால் ஆடை படிந்து நாசில் அடைபடும், ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துவது மேல். புட்டியில் மிஞ்சியதை வாரக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது.

இன்னொரு வகை, தண்ணீரே சேராத தாவர எண்ணெய் வழித் திரவம், மணிக்குச் சில பத்து மில்லி மட்டும். இது குளிர்விப்பதில்லை. மணிக்கு 20 மில்லி எண்ணெய் 200 டிகிரி சூடேறினாலும் எடுத்துச் செல்லும் வெப்பம் இரண்டு வாட்தான். ஆனால் உராய்வைக் குறைத்து, சூடு உண்டாவதையே தடுக்கிறது. அலுமினியம் டூலில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. சிறிதளவு திரவத்தால் வெட்டுவதிலும் தாவர எண்ணெயிலும் தமிழ்நாட்டு ஆய்வுகளுக்கு நல்ல இடமுண்டு. சென்னை ஐஐடியில் வரதராஜன், பிலிப், ராமமூர்த்தி ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கடினப்படுத்திய எஃகைக் கடையும்போது நிமிடத்துக்கு 2 மில்லி திரவத்தை விட்டுவிட்டுப் பீய்ச்சினால், உலர் முறையையும் ஊற்று முறையையும்விடப் பல வகையில் நல்ல பலன் கிடைப்பதைக் காட்டினார்கள். வேலூர் விஐடியில் அந்தோணி சேவியரும் ஆதித்தனும் 2009இல் துருப்பிடிக்காத எஃகைக் கடைந்து சோதித்தபோது, டூல் தேய்மானத்தைக் குறைப்பதிலும் பரப்பை மென்மையாக்குவதிலும் தேங்காய் எண்ணெய் மற்ற இரண்டு வழக்கமான திரவங்களை முந்தியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கோவையின் மார்கழிக் காலையில் அது நாசிலுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும்.

மண்ணெண்ணெயையும் ஆல்கஹாலையும் தூவவே கூடாது. அலுமினியத்தில் மண்ணெண்ணெய் தொட்டு வெட்டுவது பழைய பழக்கம். தூரிகையால் ஒரு துளி வைப்பது வேறு, காற்றோடு கலந்து அறை முழுக்கப் பரப்புவது வேறு. துளியாகச் சிதறிய எரிபொருள், தன் தீப்பற்று வெப்பநிலைக்குக் கீழேயே பற்றிக்கொள்ளும். மோட்டாரின் ஒரு தீப்பொறி போதும்.

உடல்நலத்துக்கு வருவோம். பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள லாங்பிரிட்ஜில் ஒரு கார் எஞ்சின் ஆலையில் 2003, 2004 ஆண்டுகளில் பணியாளர்கள் பலர் ஆஸ்துமாவாலும் நுரையீரல் ஒவ்வாமை அழற்சியாலும் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்டார்கள். கூலன்ட் தூவலைச் சுவாசித்ததோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. நீர் கலந்த திரவத்தில் வளரும் நுண்ணுயிர்களும் துளிகளோடு சேர்ந்து உள்ளே போகும் என்பதே இதில் பெரிய கவலை. அமெரிக்காவின் தொழில்சார் நலக் கழகமான நியாஷ் 1998இல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 0.4 மில்லிகிராம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஏறக்குறைய 36 கனமீட்டர் என்று கொண்டால், அறை முழுவதற்கும் 14 மில்லிகிராம். மணிக்கு 20 மில்லி எண்ணெய் தூவினால் அது சுமார் 18,000 மில்லிகிராம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் காற்றில் தங்கினாலே, காற்றோட்டமில்லாத அந்த அறை ஒரு மணி நேரத்தில் வரம்பைத் தாண்டிவிடும். பட்டறைக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு இது.

எனவே மெஷினைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பும், அதன் பின்பக்கத்திலிருந்து காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறியும் நாசிலோடு சேர்ந்தே வாங்க வேண்டியவை. முகக்கவசம் துணைதான். என்95 வகை எண்ணெய்த் துகளுக்கானதல்ல. எண்ணெயைத் தாங்கும் பி100 போன்றவையே பயன்படும். அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க விலையில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, மெஷினுக்குப் பின்னாலிருந்து வலுவான டார்ச்சை அடித்து, ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஜான் டிண்டல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்றின் தூசியைக் கண்ட வழி இது. தொழிற்சாலை ஆய்வாளர்கள் இன்றும் கையாள்கிறார்கள். கற்றைக்குள் புகை சுருண்டால் அழுத்தத்தையும் திரவத்தையும் குறைத்து மறுபடி பார்க்கலாம்.

தூவல் எல்லா வேலைக்கும் பொருந்தாது. வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம்; அதன் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் சேறாகி லேத்தின் வழித்தடங்களை அரிக்கும். எஃகை கார்பைடு எண்ட் மில்லால் வேகமாக மில் செய்யும்போது ஒவ்வொரு பல்லும் வெட்டுக்குள் சூடாகி வெளியே குளிர்கிறது. அதன்மேல் ஈரமும் பட்டால் விளிம்பில் சீப்புப் பற்கள்போல விரிசல் விழும், அங்கே வெறும் காற்றே மேல். ஆழத் துளையில் வெளியிலிருந்து தூவினால் நுனியை எட்டாது; டிரில்லை அடிக்கடி வெளியே எடுத்து நனைத்து இறக்க வேண்டும். மெக்னீசியத்தின் அருகே தண்ணீர்த் தூவலைக் கொண்டுபோகவே கூடாது, சூடான அதன் சீவல் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும்.